கோடவார்ட் சாமியின் மோட்டெட்

புரூஜ் நகரத்து மாதா கோயில் ஒன்றில் லீவன் பாடகனாக இருந்தான். அங்கே வழிபாட்டை மேற்பார்வையிட்ட பாதிரியார் கோடவார்ட் சாமிக்கு இசை வராது. வராது என்பதும் அவருக்குத் தெரியாது. மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கென்று அவரே மோட்டெட் என்னும் பலகுரல் பாட்டு ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். மோட்டெட்டில் ஒவ்வொரு குரலும் தன் போக்கில் போனாலும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்க வேண்டும். சாமியுடையதில் குரல்கள் சந்தைக்கு ஓட்டிவந்த வாத்துகளைப் போல ஒன்றையொன்று மிதித்தன.

சாமி எடுத்துக்கொண்ட அதே லத்தீன் துதிக்கு லீவன் முன்பே ஒரு மோட்டெட் எழுதியிருந்தான். சாமி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "பீர் குடிக்கிற வாய்க்குப் பாடுறதே அதிகம்ப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒத்திகையில் பாட்டு ஒருமுறைகூட ஒழுங்காக முடியவில்லை. சாமி கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். கீழ்க்குரல் பாடும் ஹூப்ரெக்ட் லீவனின் காதோரம் சொன்னான்: "எப்படிப் பாடினாலும் தலையாட்டுறாருடா. திருநாளுக்கு உன்னோடதைப் பாடிட்டா என்ன?"

லீவனுக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிட இளக்காரம் பெரிதாக இருந்தது. அவனுடையதையே பாடினார்கள். பூசைக்கு வந்த சனம் இருமக்கூட இல்லை. கோடவார்ட் சாமி தன் பாட்டென்று நம்பித் தேம்பி அழுதார். லீவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விருந்தில், வெளியூரிலிருந்து வந்திருந்த பிஷப்பான ஆயர், கோடவார்ட் சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, பாட்டின் தொடக்கத்தை இன்னொரு முறை பாடிக்காட்டச் சொன்னார். சாமி கூசாமல் தன் வாத்துகளை அவிழ்த்துவிட்டார். ஆயர் விழித்தார். இது இல்லையே என்றார். சாமி அதையே இன்னும் உரக்கப் பாடினார்.

லீவனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து, சரியான தொடக்கத்தைப் பாடினான். இது யாருடையது என்று ஆயர் கேட்டார்.

"என்னோடதுங்க ஆண்டகை. சாமி எழுதினதைப் பாடியிருந்தா, நீங்க பாதிப் பூசையிலயே எழுந்து போயிருப்பீங்க."

ஆயருக்கு உண்மை விளங்கிவிட்டது. ஆனாலும் சாமியின் குடும்பம் செல்வாக்கானது. ஆயர் தன் தட்டிலிருந்த வாத்துக்கறியில் கவனமானார். கீழ்ப்படியாதவன் என்று லீவனை அந்த வாரமே வெளியேற்றினார்கள். அவன் ஆன்ட்வெர்ப்புக்குப் போய் ஒரு கோயிலில் சேர்ந்துகொண்டான்.

மறு வருடம் ஹூப்ரெக்ட் அவனைப் பார்க்க வந்தான். திருநாளன்று சாமியின் மோட்டெட்டை மாற்றாமல் அப்படியே பாடியதாகவும், சனம் நெளிந்ததாகவும், சாமி மட்டும் போன வருடத்தைவிட அதிகமாக அழுததாகவும் சொன்னான்.

லீவன் சிரிக்கவில்லை. "பாடின உங்களுக்குத்தான் வாய் வலிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒத்திகைக்கு நேரமாயிற்றென்று கிளம்பினான்.