ஓடாத ரம்பங்கள்

பின்சுவரைக் கத்தரிக்கோலின் பிடியால் தட்டினாள் டைலர் அக்கா. வம்பு பேசக் கூப்பிடுவதென்றால் இரண்டு தட்டோடு நிறுத்திக்கொள்வாள். இன்றைக்கு நிறுத்தவே இல்லை. கயிற்றுக்காரி கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, கையில் சோப்பு நுரை சொட்டச் சொட்டப் பின்பக்கம் ஓடினாள்.

"மரம் நகந்திருக்கு, பாருடி," என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

நகர்ந்துதான் இருந்தது. பட்டுப்போய் இலை உதிர்த்த நாளிலிருந்தே இவள் வீட்டுப் பின்முற்றத்து மரம் டைலர் அக்கா வீட்டுப் பக்கம் சாய்ந்துதான் நின்றது. ராத்திரி புயலில் பெய்த மழை மண்ணை ஊறவைத்துவிட்டது. வேர் இருந்த இடத்தில் தரை மேடாக எழும்பி, ஒரு பாதம் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. உச்சிக்கிளைகள் அக்காவின் தகரக்கூரைக்கு மேலே, கையை நீட்டினால் தொட்டுவிடுகிற உயரத்தில் தொங்கின. அந்தத் தகரத்துக்குக் கீழேதான் தையல் மெஷின்கள். அதை ஒட்டிய அறையில் அக்காவின் மகளும், பிறந்து இன்னும் பேர்கூட வைக்காத குழந்தையும்.

"கொழந்தையத் தூக்கிட்டு எல்லாரும் தெருப்பக்கம் போயிடுங்கக்கா."

"போறோம். என் தையல் மெஷினெல்லாம்? அது போச்சுன்னா எனக்கு எல்லாமே போச்சுடி."

"போகாது," என்றாள் கயிற்றுக்காரி. வாய்தான் முந்திக்கொண்டு சொன்னது. சொன்ன பிறகுதான், இனி அதைப் பொய்யாக்க முடியாது என்று அவளுக்கு உறைத்தது.

மரம் வெட்டும் தொழில் செய்கிற எல்லோருக்கும் போன் செய்தாள். ஊர் முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தன. மெயின் ரோட்டை முடிக்காமல் யாரும் சந்துக்குள் வருவதாக இல்லை. நாளை மறுநாள் என்றார்கள். சாயங்காலம் மறுபடி காற்று அடிக்கும் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு காலத்தில் இந்த மாதிரி போன்கள் இந்த வீட்டுக்குத்தான் வரும். ரம்பக்காரர், கயிற்றுக்காரி என்று ஊரே அந்த ஜோடியை அப்படித்தான் கூப்பிட்டது. அவர் இடுப்பில் ரம்ப மெஷினைக் கட்டிக்கொண்டு மேலே ஏறுவார். இவள் கீழே நின்று கயிறு பிடிப்பாள். எந்தக் கிளை எந்தப் பக்கம் இறங்கும் என்று கயிற்றின் இறுக்கத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஒரு நாள், கால் வைத்த கிளை உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்தது. அவர் விழுந்தார். எலும்பு கூடியது, ஆனால் வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான்.

அப்போதுதான் முதல் பழைய ரம்பம் வந்தது. பழைய இரும்புக் கடையில் கிடந்தது, துருவேறி, பல்லெல்லாம் மழுங்கி. கை சரியானதும் ஓட்டலாம் என்று சொல்லி வாங்கினார். இரண்டாவதை, இந்த மாதிரி இப்போது செய்வதே இல்லை என்று சொல்லி வாங்கினார். மூன்றாவதுக்குக் காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஏனென்றால் அவர் கட்டிலைவிட்டு எழுந்து, குளித்து, மண்ணெண்ணெயும் துணியுமாக உட்கார ஆரம்பித்திருந்தார். அவளுக்கு அது போதும். அவள் பாட்டில் கம்பெனியில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனாள். பின்னறையில் பலகை மேல் பலகையாக ரம்பங்கள் ஏறின. பெட்ரோல் வடித்து, எண்ணெய் பூசி, பொம்மை மாதிரி நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கடிகாரக்கடைக்காரர் வருவார். அவரும் இந்தப் பைத்தியம்தான். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். அவருக்கு உயிர் அந்தச் சிவப்பு மெஷின்தான். கம்பெனியில் அடித்த பெயின்ட் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. அடுத்த மாதக் கண்காட்சியில் அதைத்தான் நடுவில் வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். இன்றைக்குப் படமெடுக்க வருவதாக ஏற்பாடு.

ரம்பக்காரர் அந்தச் சிவப்பின் கைப்பிடியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மரம் சாயுதுங்க. இன்னைக்கே எறக்கியாகணும். மெஷின் ஒண்ணு வேணும்."

அவர் நிமிரவில்லை. "ஆளக் கூப்பிடு."

"கூப்பிட்டாச்சு. யாரும் வரல."

"இதெல்லாம் ஓட்ற மெஷின் இல்ல."

"பின்ன என்ன மெஷின்? ரூம் நெறைய ரம்பத்த அடுக்கி வச்சுக்கிட்டு, ஒத்த மரத்துக்கு ஊரெல்லாம் கெஞ்சிட்டு இருக்கேன். வெளிய சொன்னா வழிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க."

"யாரு அறுக்கறது?"

"நான்தான்."

இப்போது நிமிர்ந்தார். அவள் பதிலுக்கு நிற்கவில்லை. பைக்கிலிருந்து பெட்ரோல் பிடித்து, பழைய டப்பாவிலிருந்த ஆயிலைக் கலந்து கொண்டுவந்தாள். அந்தக் கலவை அவள் கைக்கு மறக்கவில்லை. பலகையிலிருந்து ஒரு பச்சை மெஷினை இறக்கி, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தாள். கயிறு இற்றுப்போய்க் கையோடு வந்தது. இன்னொன்றில் பெட்ரோல் ஊற்றினாள். ஊற்றிய வேகத்தில் அடியில் ஒழுகியது. மூன்றாவதில் பிஸ்டன் அசைய மாட்டேனென்றது. அவள் சிவப்பைப் பார்த்தாள்.

"அத மட்டும் தொடாத."

தொட்டாள். செயினில் விரல் வைத்ததும் சட்டென்று இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பல்லும் புதிதாக அரம் போட்டுத் தீட்டப்பட்டிருந்தது. மூடியைத் திறந்தால் பெட்ரோல் குழாய் புத்தம்புதிது. அலமாரிக்கு வைக்கிற பொருளுக்கு யார் பல் தீட்டுவார்கள்?

"என்னங்க இது?"

அவர் கையிலிருந்த துணியை மடித்துக் கீழே வைத்தார். "நீ வேலைக்குப் போயிருந்தப்ப வெளிய கொண்டு போய் ஸ்டார்ட் பண்ணேன். ஒரே இழுப்புல புடிச்சுக்கிச்சு. அந்தச் சத்தம் கேட்டதும் கை ஒதறல் எடுத்துருச்சு. நிக்கவே இல்ல. அணைச்சுட்டு வந்து தொடச்சு வச்சுட்டேன்."

தோள்தான் அவரை வீட்டில் உட்கார வைத்திருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை வீரிட்டு அழுதது.

"ஓடும்ல?"

"ஓடும்," என்றார். பிறகு, "கயிறு நான் பாத்துக்கறேன்."

ஒரு மெல்லிய நூல்கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, உயரத்திலிருந்த கிளைக்கவட்டைக் குறிவைத்து வீசினாள். முதல் வீச்சு தவறியது. அடுத்தது கவட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கியது. அதோடு பெரிய கயிற்றை ஏற்றி முடிச்சை இறுக்கினாள். மறுமுனையை, மரம் விழுந்தாலும் எட்டாத தூரத்திலிருந்த பின்வாசல் தூணுக்குக் கொண்டுபோய், கயிறு இழுக்கிற கைவின்ச்சில் மாட்டினார் ரம்பக்காரர். லீவர் இடுப்பு உயரம்தான். இடது கையால் அதை ஒவ்வொரு பல்லாக ஏற்றினார். கயிறு விறைத்தது. மரம் முனகியது.

சிவப்பு மெஷின் கனத்தது. ஒரு காலை அதன் கைப்பிடியில் வைத்து அழுத்தி, சோக்கை இழுத்துவிட்டு, கயிற்றைச் சுண்டினாள். இருமியது. மறுபடி சுண்டினாள். சந்து முழுக்க அந்தச் சத்தம் நிரம்பியது. அவள் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது, கை லீவரைவிட்டு நகரவில்லை.

விழவேண்டிய பக்கத்தில் முதலில் முக்கோணமாக ஒரு வாய் வெட்டினாள். இத்தனை வருஷம் கீழே நின்று அண்ணாந்து பார்த்த வேலை. பார்ப்பது வேறு, பிடிப்பது வேறு என்பது பல் மரத்தைத் தொட்டதுமே தெரிந்தது. மெஷின் அவளையும் சேர்த்து உள்ளே இழுத்தது. முழங்கைவரை எலும்பு அதிர்ந்தது. காய்ந்த மரத்தின் தூள் மூக்கிலும் வாயிலும் அப்பியது.

பின்பக்க வெட்டைப் பாதிவரை கொண்டுபோனபோது கேட்டைத் திறந்துகொண்டு கடிகாரக்கடைக்காரர் வந்தார். கழுத்தில் கேமரா, கையில் வெள்ளையுறை. இறந்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயோ, பெயின்ட் போயிடும்மா! சைலன்சர் சூட்டுக்கு உரிஞ்சிடும்! நிறுத்தும்மா!"

அதே நேரம் மரம் அக்கா வீட்டுப் பக்கமாகப் பின்னால் உட்கார்ந்தது. பிளேடு வெட்டுக்குள் கவ்விக்கொண்டது. மெஷின் திணறி நின்றது. அந்தத் திடீர் அமைதியில், மேலே எங்கோ நார் அறுபடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"விட்டுட்டு வந்துடு!" என்று கத்தினார் ரம்பக்காரர்.

"நீங்க இழுங்க!"

"ஒத்தக் கையால முடியல!"

"அண்ணே," என்றாள் அவள், கடிகாரக்கடைக்காரரைப் பார்த்து, "பெயின்ட அப்புறம் அழலாம். அந்த லீவரப் புடிங்க."

அவர் வெள்ளையுறையோடு ஓடிப்போய்ப் பிடித்தார். மூன்று கைகள் சேர்ந்து இழுத்தன. வெட்டு ஒரு நூல் அகலத்துக்கு வாய் திறந்தது. "ஆப்பு அடி! இப்ப அடி!" என்ற ரம்பக்காரரின் குரல் பழைய குரலாக இருந்தது, உச்சிக்கிளையிலிருந்து அதட்டுகிற குரல். பக்கத்தில் எடுத்து வைத்திருந்த மர ஆப்பைச் செருகிச் சுத்தியலால் அடித்தாள். பிளேடு விடுபட்டது. ஸ்டார்ட் செய்தாள், கடைசி விரற்கடை அறுத்தாள், மெஷினைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடினாள். மரம் யோசித்துக்கொண்டு நிற்பது போல நின்றது. அப்புறம் மெல்லத் தலையைத் திருப்பி, துணிக்கொடியையும் குளியலறைக் கதவையும் சேர்த்துக்கொண்டு முற்றத்தில் விழுந்தது. தகரக்கூரையில் காய்ந்த சுள்ளிகள் மட்டும் சடசடவென்று கொட்டின.

சுவருக்கு மேலே டைலர் அக்காவின் தலை தெரிந்தது. "மெஷினெல்லாம் அப்படியே இருக்குடி," என்றாள்.

சைலன்சரைச் சுற்றிச் சிவப்பு கொப்பளித்துக் கறுத்திருந்தது. கடிகாரக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். கிரீஸ் படிந்த உறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "கண்காட்சிக்கு இது ஆகாதுப்பா. இருக்கற ரம்பத்துல இதுவும் ஒண்ணு இப்ப." போகும்போது கேட்டருகே நின்று, "ஆனா என்ன சத்தம்யா அது," என்றார்.

சத்தம் கேட்டு அடுத்த தெருவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பள்ளிக்கூட மதில்மேல் ஒரு மரம் விழுந்து கிடக்கிறதாம், வர முடியுமா என்று கேட்டார்.

"காலைல வரோம்," என்றாள் கயிற்றுக்காரி. வரேன் என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் பார்க்கவும் இல்லை.

வந்தவர் போன பிறகு இருவரும் விழுந்த மரத்தின்மேலேயே உட்கார்ந்தார்கள். ரம்பக்காரர் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கினாள். மெஷினின் அதிர்வு இன்னும் கையைவிட்டுப் போகவில்லை. டம்ளருக்குள் தண்ணீர் சின்னச் சின்ன வளையங்களாகச் சிலிர்த்தது. குடிக்கப் போனால் உதட்டில் இடித்தது. அவர் தன் இடது கையை டம்ளருக்கு அடியில் கொடுத்துப் பிடித்தார். தண்ணீர் நிற்கவில்லை. இரண்டு கைகளுக்கு நடுவே அது நடுங்கிக்கொண்டே இருந்தது. தெருப்பக்கம் முதல் காற்று கிளம்பியது.