பாஸ்டர் மெரிலுஸின் ஊதாக் கைகள்

காபி விலை தரைக்கு வந்திருந்த அந்த வருஷம், மோன் சித்ரோன் மலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாஸ்டர் மெரிலுஸின் இடது சுண்டுவிரலில் யாரும் வைக்காத ஊதா மை வந்து உட்கார்ந்தது. துதிப் பாட்டுக்குக் கையைத் தூக்கியபோது விரல் சுத்தமாக இருந்தது. பாட்டு முடிந்து இறக்கியபோது நகத்தின் மேல் பட்டையாக மை இருந்தது. பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்ற சிஸ்டர் கெர்தாதான் அதை முதலில் பார்த்தவள். பார்த்த மாத்திரத்தில் அவள் சுதி எங்கோ போனது. அது தன் மகள் விட்லினின் விரலில் இருந்திருக்க வேண்டிய மை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊரிலேயே இந்த விஷயம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்றும் நினைத்துக்கொண்டாள். அதில்தான் அவள் கணக்குத் தப்பியது.

நடந்தது இதுதான். முந்தின நாள் மலையடிவாரச் சந்தையில் நர்ஸ் மிஸ் எலூர்த் ஐஸ் பெட்டியோடு வந்து உட்கார்ந்து, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் தட்டம்மை ஊசி போட்டாள். போட்ட பிள்ளையையே திரும்பக் குத்திவிடக் கூடாது என்பதற்காக இடது சுண்டுவிரலில் ஊதா மை வைப்பது வழக்கம். மிஸ் எலூர்த் பாப்டிஸ்ட் சபைக்காரி. கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பெட்டியையே திறப்பாள். விட்லினுக்கு ஊசி போட்டு முடித்து அவள் மைப் பேனாவை எடுத்ததும், கெர்தா மகளின் கையை இழுத்துத் தன் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"மிஸ், மை மட்டும் வேண்டாம். கையெடுத்துக் கேக்குறேன்."

"வெக்கலன்னா வேற யாராவது திரும்பக் குத்திடுவாங்கம்மா."

"குத்தினா குத்தட்டும். எங்க சபையில கையத் தூக்கித்தான் பாடணும். பிள்ளையோட பத்து விரலும் பாஸ்டர் கண்ணுக்கு நேரா நிக்கும். ஊசி போட்டது தெரிஞ்சா அப்புறம் எனக்குக் கடைசி பெஞ்சுதான்."

கடைசி பெஞ்சு என்றால் சும்மா இல்லை. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்கள் அங்கேதான் உட்கார வேண்டும்; பாடக் கூடாது, சாட்சி சொல்லக் கூடாது, திருவிருந்து கிடையாது. கெர்தாவுக்குப் பாட்டை விட்டால் வேறு என்ன இருந்தது? மூத்த பிள்ளை ஜெம்சனை நாலு வயதில் தட்டம்மைக்குக் கொடுத்தவள் அவள். அந்தப் பிள்ளை கிடந்த நாட்களில் பாஸ்டர் மெரிலுஸ் கட்டிலை விட்டு நகராமல் முழங்காலில் நின்றார். பிள்ளை போனபோது பெற்றவளைவிட அதிகமாக அழுதவர் அவர்தான். அவரை வெறுக்க முடிந்திருந்தால் கெர்தாவுக்குக் காரியம் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பாஸ்டரும் காரணமில்லாமல் பிடிவாதம் பிடித்தவர் அல்லர். முன்பு ஒரு பெரிய பேரிடருக்குப் பிறகு, உதவி செய்கிறோம் என்று கடல் தாண்டி வந்தவர்களோடு வாந்திபேதியும் வந்தது. ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், ஒன்றும் ஆகாது என்று கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டிருந்த ஒரு டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பாஸ்டரின் மனைவி அமோனிஸ் குடித்தாள். அவளைத் தள்ளுவண்டியில் வைத்து மலையிறக்கும் வழியிலேயே உயிர் போனது. அன்றிலிருந்து கழுத்தில் அட்டை தொங்குகிற எவனையும் அவர் வாசலில் ஏற்றுவதில்லை. ஊசி மையை, சாத்தானின் ஆட்கள் மேல் விழும் என்று வேதம் சொல்கிற மிருகத்தின் முத்திரை என்று முதலில் சொன்னது ரேடியோவில் எதையோ கேட்டுவிட்டு வந்த டீக்கன் கிளேபேர்தான். ஆனால் அதைப் பிரசங்க பீடத்தில் ஏற்றியவர் பாஸ்டர். அந்தப் பிரசங்கத்தன்று, காபி விற்கிற ரோஸ்மனி பெஞ்சில் உட்கார்ந்தபடியே, "டாக்டருங்க வேண்டாம்னா பாஸ்டர் போட்டிருக்கிற மூக்குக்கண்ணாடி மட்டும் வானத்துலேருந்தா விழுந்துச்சு?" என்று முணுமுணுத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

சுண்டுவிரலோடு மை நிற்கவில்லை. அடுத்த சந்தைக்குப் பிறகு மோதிரவிரல், அதற்கடுத்த சந்தைக்குப் பிறகு நடுவிரலும் ஆள்காட்டி விரலும். பாஸ்டர் எலுமிச்சையால் தேய்த்தார், சாம்பலால் தேய்த்தார், மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். தோல் உரிந்ததுதான் மிச்சம். உரிந்த இடத்துப் புதுத் தோலும் ஊதாவாகவே முளைத்தது. தேர்தலுக்கு யாரும் போகாதீர்கள் என்று தடுத்துவிட்டு இவர் மட்டும் திருட்டுத்தனமாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்துவிட்டார் என்று கடைத்தெருவில் கேலி பேசினார்கள். டீக்கன் கிளேபேர் கேலி பேசவில்லை. அவர் பாஸ்டரின் கையை உற்றுப் பார்த்துவிட்டு, தன் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பாஸ்டர் அதைக் கவனித்தார். அதற்குப் பிறகு, சபை வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைக்கிறவர்கள் போடுகிற வெள்ளைக் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு வரத் தொடங்கினார். துதிப் பாட்டுக்குக் கையைத் தூக்குவது நின்றது. நோயாளிகளின் தலையில் கை வைப்பது நின்றது. கர்த்தர் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்றே அந்த மனுஷன் நம்பினார். உபவாசத்துக்கு மேல் உபவாசம் இருந்து இடுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார்.

கெர்தாவுக்கு இதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் வீடும் அவள் வீடும் ஒரே முற்றத்தில்தான். பாஸ்டரின் மகள் எல்லைக்கு அப்பால் சாண்டோ டொமிங்கோவில் வீட்டு வேலை செய்து பணம் அனுப்புகிறாள். அவள் விட்டுப்போன பையன் விஸ்லி தாத்தாவோடு படுத்து, கெர்தாவின் சட்டியில் சாப்பிட்டு, விட்லினோடு சண்டை போட்டு வளர்ந்தான். ஊசி போட்ட அன்று காலையிலும் அவன் வேலியில் தொங்கிக்கொண்டு, "நானும் சந்தைக்கு வரேன் சிஸ்டர்" என்றான். கெர்தா அவன் கையில் ஒரு மாம்பழத்தைத் திணித்து, இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தன் பிள்ளையைத் திருட்டுத்தனமாகக் கூட்டிப் போகத் துணிந்தவளுக்கு, பாஸ்டரின் பேரனைக் கூட்டிப் போகத் துணிச்சல் வரவில்லை. 

மழைக்காலத்தின் தொடக்கத்தில் கடற்கரை ஊரிலிருந்து ஒரு சிறுமி மலைக்கு விருந்தாளியாக வந்தாள். விஸ்லியும் அவளும் ஒரு மதியம் முழுக்க ஒரே தொட்டியில் குளித்து விளையாடினார்கள். மறுநாள் அவள் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது, கண் பீளை கட்டியது. கெர்தாவுக்கு அந்தச் சிவப்பை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடற்கரையில் அம்மை பரவியதால் அந்த வாரம் முழுக்க மிஸ் எலூர்த் சந்தைத் திடலிலேயே இருந்தாள்; கெர்தா போட்டது போட்டபடி அங்கே ஓடினாள். மிஸ் எலூர்த் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "மூணு நாளைக்குள்ள போட்டா நோய் வராமலே போகலாம். வந்தாலும் லேசா வரும். ஆனா, தாத்தாவுக்குத் தெரியாம அந்தப் பையனுக்கு நான் போட மாட்டேன். அவரே கூட்டிட்டு வரணும்." கெர்தா எவ்வளவோ கெஞ்சினாள். மிஸ் அசையவில்லை. மலையேறும்போது கெர்தா அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தாள், பாதி வழியில் திட்டுவதை நிறுத்தினாள். மிஸ் சொன்னது சரிதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். சாட்சி நேரம் வந்ததும் கெர்தா எழுந்தாள். வழக்கமாக அவள் எழுந்தால் பாட்டு வரும் என்று எல்லாரும் கைதட்டத் தயாரானார்கள்.

"ஸ்தோத்திரம். பாஸ்டர், கையுறையக் கழட்டுங்க."

 பாஸ்டர் என்ன நினைத்தாரோ, கழற்றினார்.

"அந்த இடது சுண்டுவிரல் என் விட்லினோடது. நான்தான் அவளுக்கு ஊசி போட்டேன், நான்தான் மை வேண்டாம்னு சொன்னேன். பிள்ளை மேல விழ வேண்டியது உங்க மேல விழுந்திருக்கு. உங்க மேல எந்தச் சாபமும் இல்ல, பாஸ்டர். என்னைய எந்த பெஞ்சுல வேணும்னாலும் உக்கார வைங்க."

டீக்கன் கிளேபேர் துள்ளி எழுந்தார். "கேட்டீங்களா! வீட்டுக்குள்ளயே பாம்பு! ஒருத்தி பண்ணின பாவம் சபையோட தலையையே கறைப்படுத்திருச்சு!"

"ஒருத்தியா?" என்று ரோஸ்மனி எழுந்தாள். "எண்ணத் தெரியாதா டீக்கன்? மோதிரவிரல் என் மவனோடது."

"அது உன் மவனோடது இல்ல, என் ரெட்டைப் பொண்ணுங்களோடது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மோதிரவிரலும் நடுவிரலும்."

"நடுவிரல எடுத்துக்கோ. மோதிரவிரல விட மாட்டேன். நான் உனக்கு முந்தின சந்தைக்கே போயிட்டேன்."

அதற்கு மேல் ஜெபக்கூட்டம் ஜெபக்கூட்டமாக இல்லை. பெண்கள் வரிசையாக எழுந்து, அவரவர் பிள்ளையின் விரலுக்காகச் சண்டை போட்டார்கள். ஒருத்தியின் புருஷனுக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. அவன் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான். பாஸ்டர் மெரிலுஸ் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை மாதமும் தன்மேல் வந்த தண்டனை என்று அவர் நினைத்து அழுததெல்லாம், முற்றத்தில் ஓடி விளையாடுகிற பிள்ளைகளாக இருந்தன. அவருக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"இத்தனை பேரும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. என் அமோனிஸ் எப்படிச் செத்தான்னு தெரிஞ்சும், அதே ஆளுங்ககிட்ட பிள்ளைங்களைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கீங்க."

"தெரியும் பாஸ்டர்," என்றாள் கெர்தா. "அவங்களை நான் முழுசா நம்பல. பயந்துகிட்டேதான் போனேன். ஆனா ஜெம்சன் எப்படிச் செத்தான்னும் எனக்குத் தெரியும்."

 பாஸ்டர் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்து, சபை முழுவதற்கும் தெரிகிற மாதிரி விரித்து, மெதுவாகக் கேட்டார்.

"இதுல விஸ்லியோடது எது?"

 எட்டி எட்டிச் சண்டை போட்ட பெண்களெல்லாம் தரையைப் பார்த்தார்கள். ஒன்பது விரல் ஊதாவாக இருந்தது. வலது கட்டைவிரல் மட்டும் சுத்தமாக, அன்று பிறந்த குழந்தையின் விரலைப் போல இருந்தது. பாஸ்டர் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். கடற்கரைச் சிறுமியோடு விஸ்லி ஒரே தொட்டியில் குளித்தது அவர் நினைவுக்கு வந்தது. தொப்பியைக்கூட எடுக்காமல் இறங்கி, மணல் குவியலில் விளையாடிக்கொண்டிருந்த விஸ்லியை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கினார். கெர்தா பின்னாலேயே ஓடினாள். சபையில் ஆசீர்வாத ஜெபம் சொல்ல ஆளில்லாமல் கூட்டம் அப்படியே கலைந்தது.

சந்தையில் மிஸ் எலூர்த்தின் கழுத்தில் அட்டை தொங்கியது. பாஸ்டர் அதைப் பார்த்து ஒரு கணம் நின்றார். "உன் பிள்ளைக்கு இதைப் போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்றாள். "இது எங்கேருந்து வருது? இதால யாருக்காவது கெடுதல் வந்திருக்கா?" வருகிற இடத்தைச் சொன்னாள், சிலருக்குக் காய்ச்சல் வரும், ரொம்ப அபூர்வமாக அதற்கு மேலும் ஏதாவது வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். "இவனுக்கு நோயே வராதுன்னு சத்தியம் பண்ணுவியா?" அதற்கு மிஸ் எலூர்த், "பண்ண மாட்டேன் பாஸ்டர். எனக்குத் தெரியாது. பொழைக்கிற வாய்ப்பு ரொம்ப அதிகம், அது மட்டும் தெரியும்" என்றாள். தெரியாது என்று அட்டைக்காரர் ஒருவர் வாயால் அவர் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பையனை மடியில் வைத்துச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். ஊசி போட்டதும் விஸ்லி வீரிட்டான். மிஸ் அவன் சுண்டுவிரலில் பேனாவை வைத்துத் தேய்த்தாள். விரலில் ஒன்றும் பிடிக்கவில்லை. பாஸ்டரின் கட்டைவிரலில் மை ஈரமாக மின்னியது. மிஸ் எலூர்த் அதைப் பார்த்தாள், பேனாவை மூடிவைத்தாள், "அடுத்தது யாரு?" என்று கூப்பிட்டாள்.

விஸ்லிக்குக் காய்ச்சல் வந்தது, மார்பில் கொஞ்சம் சிவப்பு தட்டியது. அந்த நாட்களில் பாஸ்டர் ஊதாக் கையை அவன் தலையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலை அவன் எழுந்து, விட்லின் தன் செருப்பைத் திருடிவிட்டாள் என்று கத்தினான். அந்தச் சத்தத்தைக் கேட்டு கெர்தா அடுப்படியில் உட்கார்ந்து ஆனந்தமாக அழுதாள். கடற்கரைச் சிறுமியும் பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்தாள்.

எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். டீக்கன் கிளேபேர் சில குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, எதிர்ச் சரிவில் தகரக் கூரை போட்டுத் தனிச் சபை நடத்தினார்; வாராவாரம் ஊசியைத் திட்டினார். காபி பறிக்கும் பருவத்தில் இரண்டு சபையாரும் ஒன்றாகப் பறித்தார்கள், ஒரே பானையில் துவரையும் சோறும் சாப்பிட்டார்கள், சாப்பிட்டு முடித்ததும் பழையபடி சண்டை போட்டார்கள். மோன் சித்ரோனில் பிறக்கிற பிள்ளைகளின் மை எல்லாம் பாஸ்டரின் கையில்தான் ஏறியது. விரலில் இடம் தீர்ந்து உள்ளங்கைக்கு வந்து, மணிக்கட்டைத் தாண்டி மேலே போனது. புதிதாக வந்த நர்ஸுகளுக்கு மற்றவர்கள் பேனா பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும்போதே, அந்த மலைப் பிள்ளைகளுக்கு மை வைக்க வேண்டாம், தானாகப் போய்விடும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். பாஸ்டர் கையுறை போடுவதே இல்லை. ஞானஸ்நானத் தண்ணீரில் இறங்கும்போது மட்டும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொள்வார்.

விஸ்லிக்கு மீசை அரும்பிய வருஷம், ஒரு சனிக்கிழமை, கிளேபேரின் மருமகள் கைக்குழந்தையோடும் விற்பதற்கு ஒரு கோழியோடும் மலையிறங்குவதைக் கெர்தா பார்த்தாள். திரும்பி வரும்போது குழந்தையும் இருந்தது, கோழியும் இருந்தது. மருமகள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கெர்தாவைப் பார்க்காதது போல வேகமாக நடந்து போனாள். மறுநாள் ஆராதனைக்கு முன், ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு வந்த பாஸ்டர் சட்டைக் கையை இறக்கிவிடும்போது, முழங்கைக்குக் கீழே புதிதாக, இன்னும் காயாத ஒரு பட்டை மை இருந்தது. அந்த மாதம் பாஸ்டரின் சபையில் எந்தப் பிள்ளைக்கும் ஊசி போடவில்லை.

"இது யாரோடது பாஸ்டர்?" என்று கெர்தா கேட்டாள்.

எதிர்ச் சரிவிலிருந்து கிளேபேர் சபையின் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. பாஸ்டர் மெரிலுஸ் அந்தப் பக்கம் பார்த்தார். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"பாட்டத் தொடங்கும்மா," என்றார்.