பாய்க்கடியில் என் அக்கா

குற்றப்பத்திரிகையில் என் பட்டத்தை விட்டுவிட்டு, அப்பா வைத்த பெயரை மட்டும் அடித்திருந்தார்கள். ஒரு மனிதனின் கையை நான் உடைத்ததற்காக வந்த தாள் அது. அதைப் படித்தபோது எனக்கு முதலில் உறைத்தது விடுபட்டுப்போன பட்டம்தான். இன்று அதை நினைத்தால் கூசுகிறது.

நான் லெமானா. எங்கள் குடும்பத் தலைவனுக்குரிய அந்தப் பட்டத்தை ஏற்ற பதினோராவது ஆள். ஊர்ச்சபையில் முன்தூணில் சாய்ந்து உட்காரும் உரிமை எங்கள் குடும்பத்துடையது. அறுபத்தெட்டு வயதுவரை போலீஸ் நிலையப் படியை நான் மிதித்ததில்லை.

லூபே அக்காவைக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்ஸியில் கொண்டுவந்து விட்டான் பெசாமினோ. பக்கத்து ஊர்க்காரன், நாற்பது வயது, வாய் நீளம். நான் வாசலில் தடியோடு நின்றிருந்தேன்.

"என்ன லெமானா, சௌக்கியமா?" என்றான்.

"பெரியவரேன்னு கூப்பிடத் தெரியாதா உனக்கு?"

"கோச்சுக்காதீங்க. எந்த லெமானான்னு தெரியணும்ல? ஆக்லாந்துல ரெண்டு பேர், சிட்னியில ஒருத்தர், இங்க நீங்க. அந்தப் பட்டம் இப்போ பஸ் டிக்கெட் மாதிரி. கை நீட்டினா ஒண்ணு."

அவன் சிரித்தான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் சிரிக்கிறாள் என்று எனக்குப் பட்டது. பட்டத்தைப் பங்குபோட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் அந்தச் சிரிப்பு இன்னும் ஆழமாக இறங்கியது. தடியை ஓங்கினேன். முதல் அடி அவன் தோளில். இரண்டாவது இறங்கும்போது தலையைக் காத்துக்கொள்ள வலது கையைத் தூக்கினான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

தலைநகர் ஆப்பியாவில், மீன்வலைக் கடை மாடியில், என் வக்கீல் தலிதாவின் அறை. என் மகள் வயதுக்காரி.

"வேணும்னே காயப்படுத்தின குற்றம் போட்டிருக்காங்க, ஐயா. ஏழு வருஷம் வரைக்கும் போகலாம்."

"ஏழா? நான் என்ன கொலையா பண்ணினேன்?"

"அது மேல் வரம்பு. முதல் தடவை, உங்க வயசு, எல்லாம் பார்ப்பாங்க. ஜெயிலே இல்லாமலும் போகலாம். சரி, அவர் கை ஓங்கினாரா?"

"கையைத் தூக்கினான்."

அவள் பேனா நின்றது. "உங்க அடிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"தூக்கினான்னு சொன்னேனே."

"அதுலதான் வழக்கே இருக்கு, ஐயா. முன்னாடின்னா தற்காப்பு. உங்களை அடிக்க வர்றார்னு நீங்க உண்மையா நம்பியிருந்தா, தேவையான அளவுக்குத் திருப்பித் தாக்கலாம். அப்படி இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது போலீஸ் பொறுப்பு. பின்னாடின்னா தற்காப்பே கிடையாது. வேற யார் பார்த்தாங்க?"

"எங்க அக்கா மட்டும்."

"அப்போ எல்லாம் அவங்க வாக்குமூலத்துலதான் இருக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "இஃபோகா பண்ணிட்டீங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன். இஃபோகா எங்கள் மன்னிப்புச் சடங்கு. அடித்தவனின் குடும்பத் தலைவன் விடியலில் அடிபட்டவன் வீட்டு முன் போய், குடும்பத்தின் மெல்லிய பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு மண்ணில் உட்கார வேண்டும். அந்த வீட்டார் வந்து பாயை விலக்கும்வரை எழக்கூடாது. என் தாத்தா ஒருமுறை அப்படி உட்கார்ந்தார்.

"தற்காப்புன்னு வாதாடினா அது இடிக்கும்," என்றாள் தலிதா. "தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஆனா முடிவு உங்களோடது."

முடிவை அங்கேயே எடுத்துவிட்டேன். சட்டமே வந்து என் முழங்காலைக் காப்பாற்றியதுபோல் ஒரு நிம்மதி.

வீட்டில் அக்கா சேம்புக்கிழங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"போலீஸ் வந்து கேட்டா, அவன் கையைத் தூக்கினதைச் சொல்லு," என்றேன்.

"எப்போ தூக்கினான்னு கேப்பாங்களே."

"அதை நீயா எடுத்துக் கொடுக்காதே."

"இப்பதான் கண்ணைச் சரி பண்ணிக்கிட்டு வந்திருக்கேன், தம்பி. எல்லாம் ரொம்ப நல்லாத் தெரியுது." கத்தியைக் கீழே வைத்தாள். "நான் சிரிச்சேன்னு நினைச்சுத்தானே அடிச்சே? உன் முகத்தைப் பார்த்துப் பயந்துதான் வாயைப் பொத்தினேன். போய்ப் பாய்க்கடியில உட்காரு. தாத்தா போகலையா?"

"தாத்தா போனது பெரிய குடும்பத்து வாசலுக்கு. டாக்ஸிக்காரன் வாசல்ல லெமானா உட்காரணுமா?"

எங்களிடம் அக்காள் தங்கைமார் தலைவனுக்கும் ஒரு படி மேல். அவர்கள் முன்னால் குரல் உயர்த்தக் கூடாது. அன்று ஊரே கேட்கும்படி உயர்த்தினேன். அவள் மறுபடி கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் அக்காவின் படுக்கை காலியாக இருந்தது. மெத்தை ஒரு பக்கம் தூக்கிக் கிடந்தது. அதற்கடியில் விரித்து வைத்திருந்த எங்கள் பாய் இல்லை.

எங்கே போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். டிரக்கை எடுத்துக்கொண்டு போனேன். பெசாமினோ வீட்டு முற்றத்தில், ஜல்லிக்கல்லின் மேல், பாய் ஒரு சிறிய குவியலாக இருந்தது. ஓரத்தில் இரண்டு பாதங்கள். இடது கணுக்கால் வீங்கியிருந்தது. எழுபத்துநான்கு வயதான அந்தக் கால்களை உலகத்தில் எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

சாலையின் இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். இறங்கி நாற்பது அடி நடந்தால் போதும். கதவுக் கைப்பிடியைப் பிடித்தேன். அப்போது தேவாலயத்துப் பெண்கள் நான்கு பேர் வந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று இருந்தேன். பிறகு பள்ளிக்கூட வண்டி. அதுவும் போகட்டும் என்று இருந்தேன். வெயில் ஏறியது. பாய் ஒருமுறை அசைந்தது. அவள் காலை மாற்றி வைத்தாள். கைப்பிடியிலிருந்து என் கை எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது.

இரண்டு மணி நேரம் கழித்து பெசாமினோ வெளியே வந்தான். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் பாயை விலக்கினான்.

"அத்தை! நீங்களா?" என்று கத்தினான். "நீங்க எதுக்கு? அவர் எங்கே?"

அக்கா சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. அவன் நிமிர்ந்து சாலையைப் பார்த்தான். என் டிரக்கை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. அவளைத் தாங்கி உள்ளே அழைத்துப் போனான். நான் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பி வீட்டுக்கு வந்தேன்.

அதோடு தற்காப்பு வாதம் போயிற்று. குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தண்டனை சொல்லும் நாளில் தலிதா நம்பிக்கையோடு இருந்தாள்.

"முன்குற்றம் இல்லை, ஒப்புக்கிட்டீங்க, மன்னிப்பையும் அவங்க ஏத்துக்கிட்டாங்க. பேருல குற்றம் பதியாம விடச் சொல்லிக் கேக்கப் போறேன். நன்னடத்தை அதிகாரி கொடுத்த அறிக்கையில 'லெமானா குடும்பம் இஃபோகா செய்தது'ன்னு இருக்கு. அதுக்கு மேல கேக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்."

நீதிபதி கேட்டார். அறிக்கையிலிருந்து தலை தூக்கி, என்னைப் பட்டம் சொல்லியே அழைத்தார்.

"லெமானா, பாய்க்கடியில உட்கார்ந்தது நீங்கதானே?"

ஆமாம் என்று தலையசைத்திருந்தால் போதும். என் பெயர் சுத்தமாக வெளியே வந்திருக்கும். பின் பெஞ்சில் அக்கா, அவள் பக்கத்தில் பெசாமினோ. அவர்கள் இருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் என்னால் தலையசைக்க முடியவில்லை.

"இல்லீங்க. உட்கார்ந்தது எங்க அக்கா."

"நீங்க எங்கே இருந்தீங்க?"

"எதிர்ல. டிரக்குல."

"பார்த்துக்கிட்டா?"

"பார்த்துக்கிட்டுதான்."

தலிதா தாள்களை மெதுவாக அடுக்கினாள். நீதிபதி வெகுநேரம் எழுதினார்.

"உங்க அக்கா வாங்கின மன்னிப்புதான் உங்களை ஜெயிலுக்குப் போகாமக் காப்பாத்துது," என்றார். "குற்றத்தைப் பதியாம விட அது போதாது."

ஓராண்டு கண்காணிப்பு, நூற்றைம்பது மணி நேரம் ஊர்ப்பணி. என் பெயருக்கு எதிரே குற்றம் பதிவானது.

வெளியே படியிறங்கும்போது அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பின் பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு, தம்பி. டிரக்குன்னு சொன்னப்போ மட்டும் குரல் கீழே போயிடுச்சு."

மறுநாள் விடியலில் பெசாமினோ வீட்டுக்கு நடந்தே போனேன். பாய் அவர்களிடம்தான் இருந்தது. ஏற்றுக்கொண்ட பாய் திரும்பி வராது. போர்த்திக்கொள்ள எதுவும் இல்லாமல், ஜல்லிக்கல்லில், வெறும் தலையோடு உட்கார்ந்தேன். தேவாலயத்துப் பெண்கள் போனார்கள். பள்ளிக்கூட வண்டி போயிற்று. ஒவ்வொருவருக்கும் என் முகம் தெரிந்தது.

பெசாமினோவின் மனைவி துடைப்பத்தோடு வெளியே வந்தாள். என்னைச் சுற்றிக் கூட்டினாள்.

"பெரியவரே," என்றாள், "பஸ் இங்க நிக்காது."

உள்ளே அவன் சிரிப்பது கேட்டது. நான் தலையைக் குனிந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.