பிறந்த வீட்டுக் கோடி

நெற்றியில் வைக்க ஒரு ரூபாய்க் காசு வேண்டும் என்று நாத்தனார் சகுந்தலா கேட்டதும், வேண்டா கைப்பையைத் திறந்து துழாவினாள். நேற்றுக் கோயிலுக்கு எடுத்துப்போன பை. குங்குமப் பொட்டலம், குழந்தையின் வளையல் ஒன்று, நசுங்கிப்போன வாழைப்பழம். காசு கிடைக்கவில்லை. அடியில் ரப்பர் மாதிரி ஏதோ விரலில் மாட்டியது. வெளியே எடுத்தாள்.

ஆரஞ்சு நிறக் கைப்பட்டை. புருஷன் ராஜேந்திரனுடையது.

ஐஸ் பெட்டிக்குள் அவன் வேட்டி சட்டையோடு படுத்திருந்தான். கண்ணாடிக்கு உள்பக்கம் ஈரம் பூத்து, முகம் சரியாகத் தெரியவில்லை. வேண்டா பட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

நேற்று அதைக் கழற்றியவள் அவள்தான். சிங்கப்பெருமாள் கோயிலில் மகள் பிரதீபாவுக்குக் காது குத்தும்போது போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார்.

"ஆஸ்பத்திரில படுத்திருந்து எழுந்து வந்தவன் மாதிரி கீது. கழட்டுய்யா அத்த."

"ஒரு நாள் பூரா கையில இருக்கணும்டி. ரூல்ஸ்."

"போட்டோக்கு அப்புறம் மாட்டிக்கோ. இன்னா, ஓடியா பூடும்?"

சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். அவள் உருவிப் பைக்குள் போட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கும் ஞாபகம் இல்லை, அவனுக்கும் இல்லை.

அடுப்படிப் பக்கம் போய் நின்று பட்டையைத் திருப்பினாள். இங்கிலீஷிலும் இந்தியிலும் பொடி எழுத்து. ஒன்பதாவதோடு நின்றுவிட்டவள் அவள். ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படிக்க நேரம் எடுத்தது. இதைக் கட்டியிருப்பவர் அழுத்தக் காற்றில் வேலை செய்பவர். மயங்கினாலோ வலி என்றாலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்த எண்ணைக் கூப்பிட்டு, எங்கள் அழுத்த அறைக்கு உடனே கொண்டுவாருங்கள்.

மறுபடி முதலிலிருந்து படித்தாள். அதேதான் எழுதியிருந்தது.

நேற்று மத்தியானம் முழங்கை வலிக்கிறது என்றான். மூன்று மணிக்கு மூச்சு வாங்கியது. செங்கல்பட்டில் கார் எந்த ஆஸ்பத்திரி வாசலில் முதலில் நின்றதோ அதற்குள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என்ன வேலை செய்கிறார் என்று டாக்டர் கேட்டார். "ரயில் வேலைங்க" என்றாள். அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் அவள் சொல்கிற பதில் அது. பொய்யும் இல்லை. நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், மார்பை அமுக்கினார்கள். ஏழு மணிக்கு வெளியே வந்து ஹார்ட் அட்டாக் என்றார்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கு நடுவில் துறைமுகம் கட்டுகிறார்கள். அதற்குச் சரக்கு ரயில் போவதற்காகக் கரையிலிருந்து கடலுக்கடியில் ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம் தோண்டுகிறார்கள். தோண்டுகிற இயந்திரத்தின் வாயில் பல் தேய்ந்தால் மாற்றுகிறவன் ராஜேந்திரன். அந்த இடத்தில் கடல் உள்ளே பொத்துக்கொண்டு வராமல் இருக்கக் காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். வேலை முடிந்தவர்கள் சட்டென்று வெளியே வர முடியாது. ஓர் இரும்பு அறைக்குள் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தை இறக்கித்தான் கதவைத் திறப்பார்கள். இதெல்லாம் அவனே சொன்னதுதான். சினிமாக் கதை கேட்பதுபோல் கேட்டுவிட்டுக் குழம்பைக் கிளறப் போயிருக்கிறாள்.

"வேண்டா! காசு கேட்டா எங்கடி போய்ட்ட? உன் தம்பி கோடி எடுத்துகினு வந்துட்டான், வா" என்று மாமியார் முனியம்மா கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

பட்டையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வந்தாள்.

ஷாமியானாவின் கீழே பாலா நடந்து வந்தான். ராஜேந்திரனோடு அதே சுரங்கத்தில் வேலை செய்கிறவன். தாம்பாளத்தில் பழுப்புப் புடவை, மஞ்சள், வெற்றிலை. பிறந்த வீட்டுக் கோடி போடாமல் பாடியை எடுக்க மாட்டார்கள். அவன் இடது காலை முன்னே தூக்கி வைக்காமல் தரையோடு இழுப்பதை வேண்டா பார்த்தாள். செருப்பு ஒரு பக்கம் கழன்று பின்னால் கிடந்தது. அது அவனுக்கே தெரியவில்லை.

"இன்னா மச்சான், துக்கத்துலயே டோஸ் ஏத்திகினு வந்துட்டியா? செருப்பு அங்க நிக்குது, நீ இங்க வர" என்று பந்தல்கால் பக்கம் யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் மூக்கால் சிரித்து அடங்கினார்கள்.

பெண்கள் வேண்டாவைப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள்.

"அக்கா தலைல போடுப்பா" என்றாள் சகுந்தலா.

பாலா புடவையை எடுத்தான். வலது கை இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது. பல்லைக் கடித்தான். மேல் உதட்டில் வேர்வை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். புடவை அவள் மடியில் விழுந்தது.

"ஒரு பொடவ கனக்குதாடா உனுக்கு?" என்றாள் ஒரு பெரியம்மா. "அக்காக்காரி உக்காந்துகினு கீறா, தூக்கிப் போடுறா."

ராஜேந்திரனும் நேற்று இப்படித்தான். சாப்பாட்டுப் பந்தியில் இலைக்கும் வாய்க்கும் நடுவே கையை நிறுத்திவிட்டு, முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேண்டா தம்பியின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். கட்டிக்கொண்டு அழப்போகிறாள் என்று நினைத்து மற்றவர்கள் ஒப்பாரியை உயர்த்தினார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவன் காதில் கேட்டாள்.

"எப்பத்திலேர்ந்துடா?"

"இன்னாது?"

"கையி. காலு. மாமாவோட ஒண்ணாதான வெளிய வந்த நீ?"

அவன் கண் பந்தலுக்கு வெளியே போய் வந்தது.

"சொல்லுடா!"

"நேத்து காலைலேர்ந்து. பாப்பாவ மடில வெச்சிகினு இருந்ததால மரத்துப்போச்சுன்னு நெனச்சேன். இப்ப முட்டிக்குக் கீழ ஒண்ணுமே தெரிலக்கா." மறுபடி வெளியே பார்த்தான். "முகூர்த்தத்துக்குள்ள வரணும்னு மாமாதான் ஏசுபாதம் அண்ணன்கிட்ட கெஞ்சினாரு. தாய்மாமன் மடி இல்லாம எப்டிண்ணா காது குத்தறதுன்னு. இருவது நிமிஷம் முன்னாடியே கதவத் தொறந்துட்டாரு. சோடாவ வெடுக்குனு தொறந்தா பொங்கும் பாரு, ரத்தத்துல அப்டிப் பொங்குமாம்."

"ஏண்டா வாயத் தொறக்கல?"

"சொன்னா ஏசுபாதம் அண்ணன் வேல பூடும். என்ன அந்த டப்பாக்குள்ள மறுபடி போட்டு மூடுவாங்க. மாமா அதுலேர்ந்து வந்துதான..." பெட்டியைப் பார்த்தான். "எனுக்கு பயமா கீதுக்கா."

மூன்று பெண் பிறந்த வீட்டில் நான்காவதாகப் பிறந்தவள் அவள். இனிப் பெண் போதும் என்று அப்பா அவளுக்கு வேண்டா என்று பேர் வைத்தார். அதற்குப் பிறகு பிறந்தவன் பாலா. இடுப்பில் தூக்கிச் சுமந்தே அவளுக்கு ஒரு பக்கத் தோள் இறங்கிவிட்டது என்று ராஜேந்திரன் கேலி செய்வான்.

எழுந்தாள். உட்காரும்படி நாலு கைகள் இழுத்தன. உதறினாள்.

கேட்டுக்கு வெளியே மாலையோடு, உள்ளே வராமல் நின்றிருந்தார் ஏசுபாதம். இரும்பு அறையின் வால்வைத் திருப்பிக் கணக்குப் பார்த்து ஆட்களை வெளியே விடுகிற வேலை அவருக்கு. நாற்பத்தைந்து வயது. சவரம் செய்யாத முகம். அவளைப் பார்த்ததும் மாலையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"அண்ணா, பாலாவுக்குக் காலு வர்ல."

"அழுத அசதிம்மா. தண்ணி குடு."

"கை தூக்க முடில. இவருக்கு வந்த மாதிரியே கீது."

"ராஜேந்திரனுக்கு ஹார்ட்டு அட்டாக்கும்மா. டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் ரிஜிஸ்டர்ல முழு டைம்தான் போட்டிருக்கேன்."

வேண்டா ஜாக்கெட்டிலிருந்து பட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"உள்ள வைம்மா அத்த. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ மட்டுமா பண்ண? இத்தக் கையிலேர்ந்து கழட்டினவ நானு." சொல்ல ஆரம்பித்த பிறகு குரலை அடக்க முடியவில்லை. "டாக்டர்கிட்ட ரயில் வேலைன்னு சொன்னவளும் நானு. இது கையில இருந்திருந்தா அவரு உங்ககிட்ட வந்திருப்பாரு. இப்ப இவனையும் அப்டியே விடவா? உனுக்கும் ரெண்டு புள்ள கீதுண்ணா."

பந்தலில் ஒப்பாரி நின்றுவிட்டது. பறையடிக்கிறவர்கள்கூடக் குச்சியைத் தாழ்த்தினார்கள். முனியம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

"இன்னாடி சொல்ற? நீயா கழட்டின?"

வேண்டா திரும்பவில்லை. திரும்பினால் கால் ஓடாது என்று தோன்றியது.

ஏசுபாதம் மாலையை மதில்மேல் வைத்தார். பாக்கெட்டில் கை விட்டார். மோட்டார்சைக்கிள் சாவியை எடுத்தார்.

"காருக்குச் சொல்லிட்டு நிக்க நேரம் இல்ல. வண்டில நடுவுல உக்கார வெய்யி" என்றார். "நீ பின்னாடி புடிச்சிக்கோ."

"பொணத்தப் போட்டுட்டு வண்டி ஏறுறா பாரு!" என்று முனியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "எம்புள்ளய முழுங்கிட்டு எங்கடி போற?"

வேண்டா தம்பியின் இடது காலைக் கையால் தூக்கி வண்டியின் மறுபக்கம் போட்டாள். கால் மரக்கட்டை மாதிரி கனத்து, ஜில்லென்று இருந்தது.

அவர்கள் ஊர் நெரும்பூரிலிருந்து கடற்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஏசுபாதம் ஒவ்வொரு வேகத்தடையிலும் "புடிச்சிக்கோ, புடிச்சிக்கோ" என்று கத்தினார். பாலாவின் தலை அவள் நெஞ்சில் சாய்ந்து ஆடியது. அவன் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் அவள் கிள்ளினாள்.

"தூங்காதடா. பேசு."

"இன்னா பேசறது?"

"எதுனா பேசு. என்னத் திட்டு."

"நீ போட்ட சாம்பார் நேத்து உப்பு" என்றான். வாய் குழறியது. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஈ.சி.ஆர். சாலையில் ஒரு பஸ் ஓரமாக ஒதுங்கி வழி விட்டது. ஜன்னலில் இருந்தவர்கள் அவிழ்ந்த தலையோடு போகிற பெண்ணைக் குனிந்து பார்த்தார்கள். உப்பங்கழி வாடை வந்ததும் ஏசுபாதம் போனை எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டார்.

"சார், நேத்துக் காலைல முடிஞ்ச நைட் ஷிஃப்ட்டு. ரெண்டு பேரு. இருவது நிமிஷம் கொறச்சேன். ஆமா சார், நான்தான். ஒருத்தர் செத்துட்டாரு. இன்னொருத்தர இட்டுகினு வரேன். சேம்பர ரெடி பண்ணச் சொல்லுங்க."

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, அவர் "சரி சார்" என்று மட்டும் ஆறேழு தரம் சொன்னார்.

சுரங்க யார்டு கேட்டில் பொம்பளைக்கு அனுமதி இல்லை என்றான் செக்யூரிட்டி. ஏசுபாதம் பிரேக்கே போடவில்லை.

சேம்பர், பட்டையில் எழுதியிருந்த அந்த அழுத்த அறை, தண்ணீர் லாரியின் டாங்க் மாதிரி வெள்ளை அடித்த இரும்பு உருளை. வட்டமாக ஒரு கண்ணாடி. பாலா வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகமாட்டேன் என்றான். நர்ஸ் ஒருவர் அவன் விரல்களைப் பிரித்தார். பிரியவில்லை. வேண்டா பிரித்தாள். சின்னதில் பள்ளிக்கூட வாசலில் பிரித்ததுபோல ஒவ்வொரு விரலாக. நர்ஸும் கூடவே உள்ளே போனார். கதவு மூடியது. காற்று ஏறும் சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது.

ஏசுபாதம் வால்வில் கையை வைத்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் அசைந்தன. ஜெபமா, கணக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் சிமென்ட் தரையில் உட்கார்ந்தாள். இடுப்பில் போன் அடித்தது. சகுந்தலா.

"எப்ப வர அண்ணி? அம்மா மண்ண வாரித் தூத்துது."

"அஞ்சு மணி நேரம் ஆவுமாம்."

"அதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்! பொணத்த வெச்சிகினு இன்னா பண்றது?"

"பெட்டிலதான கீறாரு. இருக்கட்டும்."

சகுந்தலாவுக்குப் பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"பாலா?"

"உள்ள கீறான்" என்றாள் வேண்டா.

சுவரில் இருந்த ஸ்பீக்கர் பெட்டி கரகரத்தது. பாலாவின் குரல், மூக்கடைத்தவன் குரல் மாதிரி மெலிந்து வந்தது.

"அக்கா. காலு சுருக்குனு குத்துது. ஊசி ஊசியா குத்துது. தாங்க முடில."

அவள் அலறிக்கொண்டு எழுந்தாள். "அண்ணா, குத்துதாம்ணா! நிறுத்துங்க!"

"குத்தட்டும்மா" என்றார் ஏசுபாதம், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். "குத்தணும்." அவர் தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டைப் பித்தானில் விழுந்தது. ஒரு கை வால்வில் இருந்தது. இன்னொரு கையால் துடைத்துக்கொள்ளவும் அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டு மணிக்கு சைரன் ஊதியது. யார்டின் அந்தக் கோடியில், சுரங்கத்துக்குள் சரிவாக இறங்குகிற தண்டவாளத்தில் சின்ன ரயில் வந்து நின்றது. இரண்டு பெட்டி, ஆட்களை உள்ளே கொண்டுபோவதற்கு. மத்தியான ஷிஃப்ட் ஆட்கள் பன்னிரண்டு பேர் சாப்பாட்டுத் தூக்கோடு வரிசையில் நின்றிருந்தார்கள். கேட்டில் பேச்சு பரவியிருக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராக சேம்பர் பக்கம் திரும்பி, தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார்கள்.

டிரைவர் ஹாரன் அடித்தார்.

முன்னால் நின்றவர் ரயிலில் ஏறாமல், தூக்கைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்தினார். அடுத்தவரும் குந்தினார்.

டிரைவர் இன்னொரு தரம் அடித்தார். பெட்டிகளுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவுகள் திறந்தே இருந்தன.