பதினான்கு கட்டிகளின் வடக்கு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மும்பை கிங்ஸ் சர்க்கிளில் ஒரு காபிக் கடையில் சஃப்ரீன் சொல்லக் கேட்டு, அவள் போனதும் பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டது. திருட்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டேன். "எழுதிக்கோங்க சார், பேர மட்டும் மாத்திருங்க" என்றாள். மாற்றிவிட்டேன். பேயறைந்த அவள் முகத்தை எப்படி மாற்றுவதென்றுதான் தெரியவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "இமயம் எழுந்துகொண்டிருந்த காலத்தில், அதன் காலடியில்

அடித்துவிட்டேன். சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியில் வளர்ந்த பெண்ணுக்குப் பக்கத்தில் இமயத்தை நிறுத்தினால் அவள் யார் கண்ணில் படுவாள்? (ஆனால் இமயம் இல்லாமலும் கதை நகராது. தலைவலி.)

2

மலை எழ எழ மழை அதைக் கரைத்து அடிவாரப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அடுக்கடுக்காகச் சேறு, நாளாவட்டத்தில் கல். சேறு படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய காந்த வடக்கைப் பார்த்துப் படுத்துவிடுகின்றன. அந்த வடக்கோ நிலையான ஆளில்லை. சில லட்சம் வருடங்களுக்கு ஒருமுறை தெற்கோடு இடம் மாறிக்கொள்ளும். எப்போதெல்லாம் மாறியது என்று ஒரு வரிசை இருக்கிறது. கல்லில் இருப்பதை அந்த வரிசையோடு பொருத்தினால் கல்லின் வயது கிடைத்துவிடும்.

(இந்தப் பத்தியை எழுத நான்கு முறை அவளுக்கு போன் செய்தேன். நான்காவது முறை, "வெக்கட்டுமா சார்?" என்றாள்.)

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கல் மண்ணில் இருந்தபோது எது மேல்பக்கம், எது வடக்கு என்று அம்புக்குறி போட்டுத்தான் எடுப்பார்கள். அந்தக் குறி தப்பினால் எல்லாம் தப்பு.

3

இப்படிக் கல்லின் வயதைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்காக, இமயத்தின் காலடியிலுள்ள சிவாலிக் மலையடிவாரத்தில் ஐந்து வருடம் வெயிலில் காய்ந்தவள் சஃப்ரீன். கடைசிப் பதினான்கு கற்களை அறுக்க வேண்டிய வாரத்தில் ஆய்வகத்தின் அறுவை மெஷின் படுத்துவிட்டது. தாராவியில் அவள் வாப்பா ஷாகுல் ஹமீது தோல்பை பட்டறை வைத்திருக்கிறார். அடுத்த கடைக்காரர் சுயம்பு, சமையல் மேடைக்குக் கல் அறுப்பவர். கற்களை அங்கே தூக்கிக்கொண்டு போனாள்.

அறுக்கும்போது தண்ணீரில் மை கரைந்துவிடும். அறுத்த கையோடு, கிடைத்த சின்னக் கட்டிகளில் குறியைத் திரும்பப் போட வேண்டும். "நான் போடுதேன், நீ கெளம்பு" என்றார் வாப்பா. செம்பூரில் அவளுக்கு வகுப்பு இருந்தது. கிளம்பிவிட்டாள்.

அளந்தபோது பதினான்கும் தலைகீழ் வடக்கைக் காட்டின. அதுவரை யாரும் பார்த்திராத புரளல்! அந்த அடுக்கின் வயது எட்டு லட்சம் வருடம் கூடியது. கட்டுரை அச்சாயிற்று. அதன் கடைசியில் ஒரு நன்றி வரி: "கற்களுக்குக் குறியிட்ட என் தந்தை ஷாகுல் ஹமீதுக்கு."

வாப்பாவுக்கு இங்கிலீஷ் வராது; தமிழே எழுத்துக் கூட்டித்தான். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டினார். பை வாங்க வருபவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, டீ சொல்லி, வாசிக்கச் சொல்வார்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவிலிருந்து வந்த ஹரிதா என்ற கடைக்காரம்மா வாசித்துவிட்டு, "எப்படிங்க குறி போட்டீங்க?" என்று கேட்டார். சாப்பாடு கொண்டுவந்த சஃப்ரீன் அங்கேதான் நின்றாள்.

வாப்பா ஒரு தோலை எடுத்தார். "இதுல என்ன மேடம்? மாலோட நல்ல பக்கத்துல எவனாச்சும் கோடு போடுவானா? இந்தா, இப்படித் தலகுப்புறப் புரட்டி முதுகுல போடணும். கழுத்தப் பாத்த அம்பு வாலப் பாத்துரும். வெட்டுறவனுக்கு அது தெரியும்."

"கல்லுக்குமா வாப்பா?"

"பின்ன? ஒம் மால நான் கெடுப்பனா ளா? பதினாலுக்கும் முதுகுலதான்."

சஃப்ரீனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையிலிருந்த டிபன் நழுவிக் குழம்பு தரையில் ஓடியது. ஆய்வகத்தில் குறி இருக்கும் பக்கம்தான் மேல்பக்கம், அம்பு காட்டுவதுதான் வடக்கு. அப்படியானால் பூமி புரளவே இல்லை. வாப்பா புரட்டியிருக்கிறார்.

அதே கற்களில் அறுபடாமல், மலையில் போட்ட குறி அழியாமல் மிச்சமிருந்த மூன்று துண்டுகளைத் திங்கட்கிழமை அறுத்து அளந்தாள். மூன்றும் சமர்த்தாக வடக்கைக் காட்டின. எட்டு லட்சம் வருடம் ஒரே காலையில் காணாமல் போயிற்று.

5

முடிவுகள்.

(அ) அவள் வாயைத் திறக்கவில்லை. இப்படி எழுதி அனுப்பினேன். "நான் அவ்வளவு மோசமா?" என்று பதில் வந்தது. வாபஸ்.

(ஆ) வாப்பாவிடம் சொல்கிறாள், அவர் சிரித்துக்கொண்டே

இல்லை. அவர் சிரிக்க மாட்டார். சட்டத்தைக் கழற்றிவிட்டு, பிறகு யாருக்கும் டீ சொல்ல மாட்டார். எனக்குக் கை வரவில்லை.

(இ) நிஜத்தில் நடந்தது. பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினாள். காரணம் சொல்லாமல் போட மாட்டோம் என்றார்கள். "ஷாகுல் ஹமீது தம் தொழில் வழக்கப்படி சரியாகவே குறியிட்டார். எங்கள் வழக்கத்தை அவருக்குச் சொல்லாமல் போனவள் நான்" என்று எழுதினாள். ஒரு பக்கம். அச்சாயிற்று. வாப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை.

6

இத்தோடு நிறுத்தியிருப்பேன். போன வாரம் பட்டறைக்குப் போகாமல் இருந்திருந்தால்.

சுவரில் இரண்டு சட்டங்கள். மகள் எழுதிய இன்னொரு பக்கமும் அச்சில் வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, அந்தத் திருத்தத்தைப் பிரிண்ட் எடுத்து மாட்டியிருக்கிறார்.

"இதுலயும் எம் பேரு இருக்காம் சார். மொதல்ல உள்ளத எல்லாரும் வாசிக்காக. இத மட்டும் பாத்துட்டு, டயம் ஆச்சுன்னு எந்திரிச்சிருதாக. நீங்க வாசிங்களேன்."

கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

ஆகவே முடிவு என் கையில் இல்லை. தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, சுயம்புவின் கல் கடைக்கு அடுத்த வாசல். உங்களுக்கு ஸ்டூல் போட்டாயிற்று, டீ சொல்லியாயிற்று. இரண்டாவது சட்டத்தைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, உங்கள் கையில் கொடுத்துவிட்டு, ஷாகுல் ஹமீது எதிரே நிற்கிறார்.