சொந்தமில்லாத ஒருவர் தேவை

1
இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. கனடாவில், சுப்பீரியர் ஏரிக்கரையில், நான் பாடம் நடத்தும் கல்லூரியின் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து அறையில் கிரெக் சமூகப்பணிப் பாடம் நடத்துகிறார். பாடத்திலிருந்து காலனியத்தை வெளியேற்றுவது அவர் பொறுப்பு. முதலில் மேசைகளை வெளியேற்றினார்.

2
ரோண்டா கண்ணீருடன்...

(இல்லை. அவள் சிரித்தாள்.)

ரோண்டா கிரெக்கின் மாணவி; அனிஷினாபே என்ற பூர்வகுடிப் பெண். இந்தப் பாடத்தில் தேறினால் அவள் ஊர்க் குழந்தைகள் நல அலுவலகத்தில் வேலை. தேறாவிட்டால் டொரன்டோவிலிருந்து மறுபடி ஒருவர் வருவார், ஊருக்கு வழி கேட்டுக்கொண்டு.

கட்டுரை: பூர்வகுடி ஒருவரோடு உறவை வளர்த்து எழுதுக.

"எங்க அத்தையப் பத்தி எழுதியிருக்கேன்."

"சொந்தக்காரங்க கூடாது ரோண்டா. நடுநிலை வேணும்."

"எங்க ஊர்ல சொந்தம் இல்லாதது நாய்ங்கதான். அதுலயும் ரெண்டு மாமா வீட்டு நாய்."

3
தேடினாள். பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவரைப் பிடித்தாள். இந்த ஊர்ப் பக்கம் வணக்கத்துக்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு.

"நீ யாரு வீட்டுப் புள்ள?"

"ரோஸ்மேரி பொண்ணு."

"அடிப்பாவி, நான் உன் சித்தப்பன்!"

(இங்கே கிரெக்கைக் கொடியவராக்கப் பார்த்தேன். எழுத வரவில்லை. மனிதர் நல்லவர். ஓயாமல் நல்லவர்.)

4
கடைசியில் கிரெக்கையே அத்தை டெலோரஸிடம் கூட்டிப்போனாள். பெரியவர்களைப் பார்க்கப் போனால் புகையிலை கொடுப்பது அங்கே மரியாதை; கிரெக் முறைப்படி கொடுத்தார்.

"நீ யாரு வீட்டுப் புள்ள?"

"நான் குடியேறினவங்க வம்சம். அதுக்காக மன்னிப்பு..."

"அத யாரு கேட்டா? உங்கம்மா பேரு?"

"இங்க்ரிட். இப்ப இல்ல."

"அப்ப நீ என் மகன். உக்காரு, சூப்பு ஆறுது."

(அத்தை மகன் என்றதும் கல்யாணத்துக்குத் தாவாதீர்கள். கிரெக்குக்கு மனைவி இருக்கிறார்.)

கிரெக் அழுதார். அழுதுகொண்டே இன்னொரு கிண்ணம் கேட்டார்.

ரோண்டா மெல்லக் கேட்டாள்: "அப்ப எனக்கு மார்க் யாரு போடுவா? சொந்தக்காரங்க கூடாதே, அண்ணே."

5
முடிவு ஒன்று: கிரெக் விதியை மாற்றுகிறார். அதற்குக் கல்லூரிக் குழு கூட வேண்டும். குழு கூடுவதற்குள் ரோண்டா...

முடிவு இரண்டு: நான் திருத்துகிறேன். முடியாது. போன குளிர்காலத்தில் அத்தை என் அம்மா பெயரையும் கேட்டுவிட்டார்.

ஆகவே மார்க்கை நீங்கள் போடுங்கள். உங்களுக்கு இங்கே யாரும் சொந்தமில்லை. கொஞ்சம் சீக்கிரம். அத்தை சூப்புக் கரண்டியோடு உங்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

"வா வா. நீ யாரு வீட்டுப் புள்ள?"