சாப்பாட்டு டப்பாவில் ஆப்புகள்

வாசல் பலகையில் 'விபத்தில்லா நாட்கள்: 412' என்று எழுதியிருந்தது. முந்தாநாள்தான் இங்கே ஒரு மனிதனுக்கு இரண்டு விரல் போனது. எண் மட்டும் கூசாமல் தினம் ஒன்று கூடிக்கொண்டிருந்தது. தகரக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

டின் மூடி அடிக்கும் தொழிற்சாலை அது. பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள். இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. ஆனால் மேனேஜர் கேட்கிற வேகத்துக்கு அது கட்டுப்படியாகுமா? ஆளாளுக்கு ஒரு மர ஆப்பைச் செதுக்கி இடது பட்டனில் செருகிவிட்டு, ஒற்றைக் கையால் ஓட்டினார்கள். மேனேஜர் தினம் பத்து தடவை அந்தப் பக்கம் போவார். ஆப்பு மட்டும் அவர் கண்ணில் படாது.

தகரக்கா பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி. பேர்தான் பெரிசு. ஆய்வுக்கு ஆள் வருகிற காலையில் சாப்பாட்டு டப்பாவோடு மெஷின் மெஷினாகப் போய் ஆப்புகளைப் பிடுங்குவாள். வந்தவர் கிளம்பியதும் திருப்பிக் கொடுப்பாள். குழுவின் வேலை அவ்வளவுதான். நாலு வருஷமாக மீட்டிங்கில் கொடுத்த பிஸ்கட்டைப் பல்லிளித்துத் தின்றிருக்கிறாள். நினைத்தால் தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

போன விரல்கள் அவள் தங்கை புருஷனுடையவை. மெஷினைத் துடைத்துவிட்டு, அன்று மத்தியானமே அதே ஆப்போடு வேறொருவனை நிறுத்திவிட்டார்கள்.

இன்று ஆய்வு. டப்பாவை நிரப்பிக்கொண்டு வந்தவளை மேனேஜர் ஓரமாக அழைத்துக் காகிதத்தை நீட்டினார்.

"வீட்டுக் கதவுல கை நசுங்கிச்சுன்னு எழுதியிருக்கு. குழு ஆளா நீ ஒரு கையெழுத்து போட்டாப் போதும்மா."

"மெஷின்லதான சார் நின்னாரு?"

"யாரு இல்லன்னா? போர்டு ஜீரோவுக்குப் போனா ஆர்டர் கைவிட்டுப் போயிரும். அப்புறம் உனக்கே வேலை இருக்காது, பாத்துக்க."

கையெழுத்துப் போட்டால் தங்கை புருஷனுக்கு நஷ்டஈடு கிடையாது. போடாவிட்டால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. காகிதத்தை வாங்கிக்கொண்டு நேரே மீட்டிங் அறைக்குப் போனாள். ஆய்வாளர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் டப்பாவைக் கவிழ்த்தாள். ஆப்புகள் பிஸ்கட் தட்டிலும் உருண்டன.

"காலையில நான் பிடுங்கினது சார். நீங்க போனதும் திருப்பிக் குடுத்துருவேன்."

பின்னாலேயே ஓடிவந்த மேனேஜர், "வீட்டுல ஒரு துக்கம், அதான் உளறுது" என்று சிரித்தார்.

ஆய்வாளர் ஓர் ஆப்பை எடுத்தார். அதில் ஒரு பக்கம் கறுத்துக் காய்ந்திருந்தது. "இது என்ன கறை?"

"என் தங்கச்சி புருஷன் ரத்தம்."

"இந்த ஆப்ப யாரு செஞ்சது?"

மேனேஜர் முகத்தில் சட்டென்று தெம்பு வந்தது. "கேளுங்க சார், நல்லா கேளுங்க! தப்பெல்லாம் இவங்க மேலதான்."

தகரக்கா ஆய்வாளர் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் சார் செஞ்சேன். சேர்ந்த புதுசுல வேகம் வரலன்னு திட்டு வாங்கிட்டு நின்னாரு. என் கையாலயே செதுக்கிக் குடுத்தேன். அதையும் எழுதிக்குங்க," என்றாள், மேனேஜர் கொடுத்த காகிதத்தைக் கிழித்துக்கொண்டே. "கதவுன்னு மட்டும் எழுதாதீங்க."